கை பொறுக்கும் சூடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விடயங்களையும் எடுத்துவிட்டு, சுருக்கி இங்கே தருகிறேன்.

"ஐயா, எனக்கு வயது 43. நாலு வருடத்துக்கு முன்னம் என் கணவர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. எருமைப்பால் வாங்கித் தயிர் போட்டு டவுன் கடைகளுக்குக் கொடுத்துத்தான் சீவியம் போகுது. மகள் ஏ.எல். படிக்கிறாள். யுத்தம், இடப்பெயர்வு, வெள்ளம் எல்லாம் பொறுத்தவள் நான். போன மாதம் அவர் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொன்னார். கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சபையில் இதைச் சொல்லி அழுதேன். 'உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று வேதம் சொல்லுது. உங்களுக்கு மட்டும் ஏன் உண்டாகவில்லை? விசுவாசத்தைச் சோதித்துப் பாருங்கள்' என்றார்கள். ஒரு பிரசங்கத்தில் அந்தக் கால மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் இந்த மட்டக்களப்பில் பட்ட பாடுகளைச் சொல்லி, நாமும் அப்படி இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குள்ளே ஒரு நற்குணமும் வளரவில்லை ஐயா, கோபம்தான் வளர்ந்திருக்கு. சில இரவுகளில், இவர் போய்ச் சேர்ந்தால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன். இதை எழுதவே கை நடுங்குது. வேதம் பிழையா, நான் பிழையா?

கிளினிக்கில் இவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட இல்லாததைப் பார்த்துத் தாதி, 'யார் இவரைப் பார்க்கிறது?' என்று கேட்டார். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பித் திருப்பிப் படுக்க வைக்கிறேன், அவ்வளவுதான். மற்றபடி நான் நல்ல மனைவி இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றேன். கோப்பை உடைந்த இடத்தில் இல்லை. "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று வைத்தால் ஓர் இரவுக்கு நாலு தடவை. நாலு வருடத்துக்கு 5,840. இத்தனை தடவை நீங்கள் இருட்டில் எழும்பி, ஒரு மனிதரின் தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துப் புரட்டி, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறீர்கள். அதில் எத்தனை இரவு விருப்பத்தோடு எழும்பினீர்கள், எத்தனை இரவு முணுமுணுத்துக்கொண்டு எழும்பினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழும்பியிருக்கிறீர்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாலு வருடம் படுக்கையில் இருக்கிற ஒருவரின் தோல் வெடிக்காமல் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் ஒவ்வொரு இரவும் எழும்பியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தாதிக்கு அது தெரிந்தபடியால்தான் கேட்டார்.

இனி அந்த வசனத்துக்கு வருவோம். ரோமர் 5ஆம் அதிகாரத்தில், உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று பவுல் எழுதுகிறார். நீங்கள் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு. எங்கள் வீட்டில் அம்மா மெதடிஸ்த, மனைவி கத்தோலிக்கர், அதனால் இரண்டு வேதாகமமும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே இடத்தில் "துன்பத்தால் மனஉறுதியும், மனஉறுதியால் தகைமையும், தகைமையால் எதிர்நோக்கும்" என்று இருக்கிறது. பொறுமை என்ற இடத்தில் மனஉறுதி. பரீட்சை என்ற இடத்தில் தகைமை.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் இப்பொமொனே. கீழே நிலைத்திருத்தல் என்பது அதன் நேரடிப் பொருள். பாரத்துக்குக் கீழே நிற்பது, ஓடிவிடாமல் நிற்பது. சிரித்த முகத்தோடு நிற்பது என்று அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. நம்முடைய தமிழும் அதைத்தான் சொல்கிறது. பொறை என்றால் சுமை என்றும் பொருள். பொறுத்தல் என்றால் முதலில் தாங்குதல். கோபப்படாமல் இருத்தல் என்ற பொருளை நாம் பிறகு அதில் ஏற்றிவிட்டோம். "பிள்ளை எவ்வளவு பொறுமை, சத்தமே இல்லை" என்று சொல்லிச் சொல்லி, சத்தம் போடாததுதான் பொறுமை என்று ஆகிவிட்டது. நீங்களும் அந்த அளவுகோலை வைத்துத்தான் உங்களை அளந்திருக்கிறீர்கள். பவுலின் சொல்லை வைத்து அளந்தால், உங்கள் வீட்டில் நடக்கிற அந்த 5,840 தான் இப்பொமொனே. தகைமை என்று புதிய மொழிபெயர்ப்பு சொல்லும் சொல், சோதித்துப் பார்த்து இது நல்லது என்று தெளிவதைக் குறிப்பது. உங்கள் கணவரின் முதுகைத் தாதி பார்த்துத் தெளிந்தாரே, அது அந்த வகைதான்.

ஆனபடியால் வேதமும் பிழையில்லை, நீங்களும் பிழையில்லை. வசனத்தை உங்களிடம் கொண்டுவந்த விதம்தான் பிழை. "நாங்கள் உபத்திரவங்களிலேயும் மேன்மைபாராட்டுகிறோம்" என்றுதான் பவுல் எழுதினார். அடிபட்டவர் தன்னைப் பற்றிச் சொன்ன சொல் அது. பக்கத்தில் அழுகிறவரைப் பார்த்து "உனக்கு ஏன் இன்னும் உண்டாகவில்லை" என்று அவர் கேட்கவில்லை. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே, ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த வருத்தம் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம் என்றும், பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போனது என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தமஸ்கு பட்டணத்தில் பிடிக்க வந்தபோது கூடையில் இறங்கித் தப்பித்தும் போனார்.

உங்கள் சபையில் அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படிச் சொன்னவன். 2005ஆம் ஆண்டு தை மாதம், சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும். நான் இந்த ஆறுதல் சொல்கிற தொழிலுக்குப் புதிது. பாடசாலை ஒன்றில் இருந்த முகாமுக்குப் போய், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வகுப்பறைச் சுவரில் சாய்ந்திருந்த ஓர் அம்மாவிடம், கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்காகவே செய்வார் என்று தொடங்கினேன். அவர் என் முகத்தை ஒருக்கால் பார்த்தார். பக்கத்தில் ஒரு நீல வாளி இருந்தது. "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாறீங்களா?" என்றார். தண்ணீர் பவுசர் நின்ற இடத்துக்குப் போய் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் பிழையாகிப்போனது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மரண வீடுகளில் இருந்தவர்களுக்கும் இது தெரியும்.

வில்லியம் ஓல்ட் ஐயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரும் வழியில் கடலிலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம் முடியுமுன் 1815இல் இங்கேயே இறந்துபோனார். அதற்குள் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெரிய மனிதர்தான். ஆனால் 200 வருடத்துக்குப் பிறகு பிரசங்கத்தில் கேட்கும்போது முடிந்த கதையைத்தான் கேட்கிறோம். நோயோடு கிடந்த ஓர் இரவில் அவர் எதை எறிந்தார், யாரை ஏசினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் கதையின் நடுப்பக்கத்தை அவர் கதையின் கடைசிப் பக்கத்தோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

சரி, கோப்பைக்கு வருவோம். அதை நான் சின்னதாக்கப் போவதில்லை. மகள் பார்த்துவிட்டாள் என்பது உங்களை உறுத்துகிறது, அது உறுத்தத்தான் வேண்டும். ஆனால் காரணத்தைச் சரியான இடத்தில் தேடுங்கள்.

தயிர் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலைக் காய்ச்சி இறக்கின உடனே யாராவது உறை விடுவார்களா? விட்டால் என்ன ஆகும்? உறை செத்துப்போகும், விடிய எழும்பிப் பார்த்தால் சட்டியில் தயிர் இருக்காது. விரலை வைத்துப் பார்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து விடுகிறீர்கள். பிறகு சட்டியை ஆட்டாமல் வைக்கிறீர்கள். பால் காய வேண்டும், அது உண்மை. சூடே இல்லாமல் நல்ல தயிர் இல்லை. ஆனால் கொதிக்கிற பாலில் எவ்வளவு நல்ல உறை விட்டாலும் பயனில்லை.

நீங்கள் நாலு வருடமாகக் கொதிக்கிறீர்கள், தங்கச்சி. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கிய ஓர் இரவு உங்களுக்கு இந்த நாலு வருடத்தில் இல்லை. இது என் ஊகம் இல்லை, உங்கள் கடிதத்தில் இருந்து போட்ட கணக்கு. தூக்கம் அப்படி வெட்டுப்படுகிறவரின் கை சீனிக்கும் சாவுக்கும் வித்தியாசம் பார்க்காது. இதில் விசுவாசத்தைச் சோதிப்பதற்கு முன் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டான். எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். திரும்பவும் தூங்க விட்டான். இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான்.

"போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற அந்த நினைவையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். நீண்ட காலம் நோயாளியைப் பராமரிக்கிறவர்களில் எத்தனையோ பேர் என் முன்னால் இருந்து இதே வார்த்தையைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அன்பில்லாதவர்கள் இல்லை அவர்கள். களைத்த உடம்பு ஓய்வைக் கேட்கிறது, அதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கர்த்தரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், கடைசி வரியிலும் ஆறுதல் வராமலே முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நினைவு ஏதாவது செய்துவிடலாம் என்ற திட்டமாக மாறினால், அல்லது உங்கள் உயிரை எடுக்கிற எண்ணம் வந்தால், விடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இப்போது சூட்டைக் குறைக்கிற வேலை. பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு வரிசை வரும். விசுவாசத்தோடே தைரியம், தைரியத்தோடே ஞானம், ஞானத்தோடே இச்சையடக்கம், இச்சையடக்கத்தோடே பொறுமை. அந்தத் தைரியம் என்ற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் அரெத்தே. திருவிவிலியம் அதை நற்பண்பு என்கிறது. நீங்கள் உங்களுக்குள் காணவில்லை என்று எழுதிய நற்குணம் இதுதான், பழைய மொழிபெயர்ப்புக்காரர் அதைத் தைரியம் என்று பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கும். இந்த வரிசையில் பொறுமைக்கு முந்தித் தைரியம் வருகிறது. வாய் திறந்து உதவி கேட்கிற தைரியம் உங்களுக்கு இப்போது வேண்டும்.

மாற்கு 2ஆம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துகொண்டு வந்தார்கள். கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுக்கையின் நாலு மூலைக்கும் நாலுபேர் வேண்டும். உங்கள் வீட்டில் நாலு மூலையையும் நீங்கள் ஒருவரே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஏ.எல். படிக்கிற பிள்ளையை நான் கணக்கில் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். ஆகவே போதகரிடம் போங்கள். இந்தத் தடவை அழ வேண்டாம், கேளுங்கள். கிழமைக்கு இரண்டு இரவு, சபையிலிருந்தோ உறவிலிருந்தோ மூன்று பேர் முறை வைத்து வர வேண்டும். ஆண்கள் வந்தால் அவரைப் புரட்டுவது சுலபம். ஒரு பின்னேரம் இருந்து பழக்கிவிடுங்கள். அந்த இரண்டு இரவும் நீங்கள் வேறு வீட்டில் தூங்குங்கள், பக்கத்து அறையில் படுத்தால் தூங்க மாட்டீர்கள். போதகருக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. காற்று மெத்தை கிடைத்தால் இரவில் புரட்டுகிற இடைவெளியைக் கூட்டலாமா என்று கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாக மாற்ற வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு அவருக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார். மகளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் அவர். கடிதம் முழுக்க அவர் படுக்கையில் கிடக்கிறார், ஒரே ஒரு இடத்தில்தான் பேசுகிறார்: சீனி காணாது. யோசித்துப் பாருங்கள். எப்போது புரள்வது, எப்போது குளிப்பது, எந்தச் சாரத்தை உடுப்பது என்று ஒன்றும் அவர் கையில் இல்லை. தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்ததோ என்னவோ. அவருக்குக் கை வேலை செய்கிறது, தலை வேலை செய்கிறது. தயிர்க் கணக்கை அவரிடம் கொடுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை சட்டி, யார் காசு தரவில்லை, நாளைக்கு எவ்வளவு பால் என்று கொப்பியும் போனும் அவர் பக்கத்தில் இருக்கட்டும். நிலைத்திருக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு பாரம் வேண்டும். தொடக்கத்தில் பிழையாகத்தான் போடுவார், விடுங்கள்.

கோப்பைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்காவிட்டால் இன்றைக்கே கேளுங்கள், மகள் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. நீளமாக வேண்டாம். "அன்றைக்குச் செய்தது பிழை, நான் நல்லாக் களைச்சுப் போனேன்" என்றால் போதும். உடைந்ததை மட்டும் அல்ல, அதற்குப் பிறகு நடந்ததையும் அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும். இன்னொரு தடவை அப்படிக் கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுங்கள். திரும்பி வரும்வரை அவர் காத்திருப்பார்.

சபைக்குப் போவதை விடலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு நீங்கள் தேவை. நீல வாளி எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால்தானே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். ஆனால் கேட்டும் ஒருவரும் வராவிட்டால், அதையும் எனக்கு எழுதுங்கள். வேறு வழி பார்ப்போம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். "யார் இவரைப் பார்க்கிறது?" என்று அந்தத் தாதி கேட்டபோது நீங்கள் என்ன மறுமொழி சொன்னீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.